ஒரே மாத்திரை, மூன்று விலை

அறுபது, எழுபதுகளில் தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் டாக்டரிடம் போகிறவர் கையில் ஒரு காலி பாட்டில் இருக்கும். கழுவிக் கவிழ்த்துக் காயவைத்த கண்ணாடி பாட்டில். டாக்டர் நாக்கை நீட்டச் சொல்லி, நாடி பிடித்துப் பார்த்து, ஒரு துண்டுச் சீட்டில் இரண்டு வரி எழுதுவார். அந்தச் சீட்டு கடைக்குப் போகாது. பக்கத்தில் திரைக்குப் பின்னால் நிற்கும் கம்பவுண்டரிடம் போகும். அவர் பெரிய ஜாடிகளிலிருந்து அளந்து ஊற்றி, தண்ணீர் சேர்த்துக் குலுக்கிக் கொடுப்பார். வயிற்றுக் கோளாறு என்றால் ரோஸ் நிற மிக்ஸ்சர். பாட்டிலின் பக்கவாட்டில் ஒரு காகிதத்தை மடித்துக் கத்தரித்துப் பல் பல்லாக வெட்டி ஒட்டியிருப்பார். ஒரு பல்லுக்கு ஒரு வேளை. எழுதப் படிக்கத் தெரியாதவரும் அளவு தப்பாமல் குடிக்க அந்தக் காகிதம் போதும். மாத்திரைகள் உதிரியாகக் காகிதப் பொட்டலத்தில் வரும். டாக்டர் ஃபீஸ், மருந்து, ஊசி எல்லாம் சேர்த்து ஒரே தொகை. கையில் இல்லை என்றால் அறுவடைக்குப் பிறகு கொடுக்கலாம்.

அந்த பாட்டிலுக்குள் என்ன இருந்தது, எந்த கம்பெனி சரக்கு, அடக்க விலை என்ன என்று யாரும் கேட்டதில்லை. கேட்கத் தேவையும் இருக்கவில்லை. மூன்று நாள் மருந்து, மூன்று நாளில் காய்ச்சல் இறங்கும். இறங்காவிட்டால் பெரியாஸ்பத்திரி.

இன்று அதே ஊரில் மெடிக்கல் ஷாப்புக்குப் போகிறவர் கையில் பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக வைத்த சீட்டு இருக்கிறது. "முப்பது நாளைக்குக் கொடுங்க தம்பி" என்கிறார். சுகருக்கு ஒன்று, பிரஷருக்கு ஒன்று, கொலஸ்ட்ராலுக்கு ஒன்று, இத்தனை மாத்திரையைத் தாங்க வயிற்றுக்கு ஒன்று. மனைவிக்குத் தனியாகத் தைராய்டு மாத்திரையும் கால்சியமும். அரிசி, பருப்பு, கேஸ் சிலிண்டர், கரன்ட் பில்லுக்கு அடுத்த வரியில் மருந்து என்று ஒரு செலவு மாதா மாதம் உட்கார்ந்துகொண்டுவிட்டது.

இந்த இரண்டு காட்சிகளுக்கும் இடைப்பட்ட காலத்தில் ஒரு மாத்திரையின் விலை பலமுறை இறங்கியிருக்கிறது. ஒரு வீட்டின் மருந்துச் செலவு ஏறியபடியே இருக்கிறது. இரண்டும் ஒரே சமயத்தில் உண்மை. அது எப்படி என்பதுதான் இந்த அன்று-இன்று கதை.

விலையை இறக்கிய சட்டம்

பழைய காலத்தில் எல்லாமே மலிவு என்ற நினைப்பு மருந்து விஷயத்தில் செல்லாது. மிக்ஸ்சர் மலிவுதான். ஆனால் உயிர் காக்கும் புது மருந்துகள், குறிப்பாக ஆன்டிபயாடிக்குகள், சாமானியனுக்கு எட்டாத விலையில் இருந்தன. வெள்ளைக்காரன் போட்ட 1911ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டமே விடுதலைக்குப் பிறகும் நடைமுறையில் இருந்தது. ஒரு மருந்தைக் கண்டுபிடித்த வெளிநாட்டு கம்பெனி தவிர வேறு யாரும் இங்கே அதைச் செய்ய முடியாது. அமெரிக்க செனட்டின் கெஃபாவர் குழு அறுபதுகளின் தொடக்கத்தில் மருந்து விலைகளை ஆராய்ந்தபோது, உலகிலேயே மருந்து விலை மிக அதிகமான நாடுகளில் ஒன்று என்று ஏழை இந்தியாவைத்தான் காட்டியது.

இதை மாற்ற வழி சொன்னவர் சென்னை உயர் நீதிமன்றத்திலும் பின்னர் உச்ச நீதிமன்றத்திலும் நீதிபதியாக இருந்த என். ராஜகோபால ஐயங்கார். காப்புரிமைச் சட்டத்தை ஆராய்ந்து 1959இல் அவர் கொடுத்த அறிக்கை, இந்தியக் காப்புரிமைகளில் பத்தில் எட்டு, ஒன்பது வெளிநாட்டார் கையில் இருப்பதை எடுத்துக்காட்டியது. உணவுக்கும் மருந்துக்கும் பொருள் மீது காப்புரிமை கூடாது, தயாரிக்கும் முறைக்கு மட்டும் கொடுக்கலாம் என்றது. அந்த அறிக்கையின் மேல்தான் 1970ஆம் ஆண்டுச் சட்டம் எழுந்தது. 1972 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதன் பிறகு இந்திய கம்பெனிகள் அதே மருந்தை வேறு வழியில் தயாரிக்கத் தொடங்கின. போட்டி வந்தது, விலை இறங்கியது. ஏற்கெனவே பிம்ப்ரியிலும் பிறகு ரிஷிகேஷ், ஐதராபாத்திலும் எழுந்திருந்த பொதுத்துறை ஆலைகள் அதற்குத் தேவையான ஆட்களையும் தொழில்நுட்பத்தையும் பழக்கிவைத்திருந்தன. இன்று உலகம் முழுவதும் இந்திய மாத்திரை விற்கிறது என்றால் அதன் வேர் இங்கேதான்.

கவனிக்க வேண்டியது ஒன்று. விலை இறங்கியது நோயாளி கடையில் பேரம் பேசியதால் அல்ல. கடைக்கு வெளியே ஒரு சட்டம் மாறியதால். இதற்குப் பின் வந்த ஒவ்வொரு பெரிய விலை இறக்கமும் இப்படித்தான் நடந்திருக்கிறது.

பெரியாஸ்பத்திரி மாத்திரை

அரசு மருத்துவமனை மருந்து என்றாலே முன்பு இரண்டு புகார்கள். ஒன்று, ஸ்டாக் இல்லை, வெளியே எழுதிக்கொடுக்கிறார்கள். இரண்டு, இருப்பதும் சரியில்லை. டப்பாவிலிருந்து கையால் எண்ணிப் போட்ட உதிரி மாத்திரை, ஈரம் பட்டு உதிர்ந்துபோனது. ஒரு மருத்துவமனையில் தேவைக்கு மேல் குவிந்து காலாவதியாகும். பக்கத்து ஊரில் அதே மருந்து இருக்காது.

1994இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் இந்தக் கணக்கை மாற்றி எழுதியது. மாநிலத்துக்கு அவசியமான மருந்துகளின் பட்டியலை பிராண்ட் பெயரில் இல்லாமல் மூலப்பெயரில் தயாரித்து, மொத்தத் தேவைக்கும் ஒரே டெண்டர் விட்டது. பல கோடி மாத்திரைகளை மொத்தமாகக் கேட்கிறவருக்குக் கிடைக்கும் விலையே வேறு. வாங்கிய சரக்கு மாவட்டக் கிடங்குகளுக்கு வரும். ஒவ்வொரு பேட்ச்சிலும் மாதிரி எடுத்து, கம்பெனி பெயரை மறைத்து, குறியீட்டு எண் போட்டு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவார்கள். தேறினால்தான் ஆஸ்பத்திரிக்குப் போகும். தேறாத சரக்கு திரும்பும். திரும்பத் திரும்பத் தவறினால் கம்பெனியே கறுப்புப் பட்டியலுக்குப் போகும். ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக். அதில் ஒதுக்கிய தொகைக்குள் தனக்கு எது தேவையோ அதை எடுத்துக்கொள்ளலாம்.

உதிரி மாத்திரை போய் அட்டை வந்தது. அட்டையின் பின்புறம் தமிழ்நாடு அரசு, விற்பனைக்கு அல்ல என்ற அச்சு வந்தது. கேரளமும் ராஜஸ்தானும் பின்னாளில் இதைப் பார்த்துத்தான் தங்கள் கழகங்களை அமைத்தன. பொதுப் பணத்தில் நல்ல மருந்தை மலிவாக வாங்க முடியும் என்று முப்பது ஆண்டுக்கு முன்பே நிரூபித்த மாநிலம் நம்முடையது. அந்த மருந்து நோயாளிக்குக் காசே இல்லாமல் கிடைக்கிறது. ஆனாலும் கொஞ்சம் வசதி வந்ததும் நாம் முதலில் விடுகிற பழக்கம் பெரியாஸ்பத்திரி வரிசையில் நிற்பது. "அங்க கொடுக்கிற மாத்திரைல பவர் இல்லை" என்று சொல்லிவிட்டு மெடிக்கலுக்கு நடையைக் கட்டுகிறோம்.

காய்ச்சல் போய் கணக்கு வந்தது

ஸ்டான்லி மருத்துவமனையில் மருத்துவர் எம். விஸ்வநாதன் 1948இல் நீரிழிவுக்குத் தனிப் பிரிவு தொடங்கியபோது அது வசதியானவர்களின் நோய் என்று பேசப்பட்ட காலம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நாடு முழுவதும் நடத்தி 2023இல் வெளியிட்ட ஆய்வு, இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு என்கிறது. ரத்தக்கொதிப்பு அதற்கும் மேல்.

மூன்று நாள் மிக்ஸ்சர் முப்பது வருட மாத்திரையாக மாறியதுதான் செலவு ஏறியதற்கு முதல் காரணம். இரண்டாவது காரணம் கொஞ்சம் நுட்பமானது. ஜவுளிக்கடையில் எடுக்கிறவரும் காசு கொடுக்கிறவரும் ஒருவரே. பிடிக்கவில்லை என்றால் அடுத்த கடை. மருந்தில் தேர்ந்தெடுப்பவர் டாக்டர், காசு கொடுப்பவர் நோயாளி, லாபம் கம்பெனிக்கும் கடைக்கும். ஒரே மூலமருந்து ஐம்பது, நூறு பிராண்ட் பெயர்களில் வருகிறது. எந்தப் பெயரை எழுதுவது என்பதற்காகத்தான் டாக்டர் அறைக்கு வெளியே டை கட்டிய இளைஞர்கள் பையோடு காத்திருக்கிறார்கள்.

மெடிக்கல் கவுன்ட்டரில் நின்று பார்த்தால் இது விளங்கும். சீட்டில் எழுதிய பிராண்ட் இல்லை. கடைப்பையன் இன்னொரு அட்டையை எடுத்து வைக்கிறான்.

"இதே கன்டென்ட்தான் ஐயா, கம்பெனிதான் வேற. இருபது பர்சென்ட் குறைச்சுத் தரேன்."

"வேண்டாம் தம்பி. டாக்டர் எழுதினதையே வரவழைச்சுக் கொடு. நாளைக்கு வரேன்."

பெரியவர் சொன்னதைப் பிடிவாதம் என்று தள்ள முடியாது. அந்த இருபது சதவீதத் தள்ளுபடி எங்கிருந்து வருகிறது என்று அவருக்கும் சந்தேகம். சில சரக்குகளில் அட்டையில் அச்சடித்த எம்.ஆர்.பி.க்கும் கடைக்காரர் வாங்கும் விலைக்கும் பல மடங்கு வித்தியாசம் உண்டு. அப்படிப்பட்ட சரக்கில் இருபது சதவீதம் தள்ளுவது கடைக்காரருக்குக் கஷ்டமே இல்லை. மிச்சம் முழுவதும் அவருக்குத்தான். தவிர, சட்டப்படி சீட்டில் ஒரு பிராண்ட் பெயர் இருந்தால் அதையேதான் கொடுக்க வேண்டும். அதே மருந்துதான் என்றாலும் கடையில் மாற்றக் கூடாது. நடைமுறையில் மாற்றுகிறார்கள். ஆனால் யாருக்கு லாபமோ அந்தப் பக்கம்தான் மாற்றம் நடக்கிறது.

டாக்டர்கள் மூலப்பெயரைப் படிக்கும்படி, கூடுமானவரை பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்று மருத்துவக் கவுன்சில் 2016இலேயே விதி திருத்தியது. 2023 ஆகஸ்ட்டில் தேசிய மருத்துவ ஆணையம் அதையே தண்டனையோடு கட்டாயமாக்கப் பார்த்தது. டாக்டர்கள் எதிர்த்தார்கள். கடையில் கொடுக்கும் ஜெனரிக்கின் (மூலப்பெயர் மருந்தின்) தரத்துக்கு யார் பொறுப்பு என்று கேட்டார்கள். அந்த மாதமே விதி நிறுத்தி வைக்கப்பட்டது. கேள்வி நியாயமானது, பதில் இன்னும் வரவில்லை.

கூரையும் ஓட்டையும்

விலைக்குக் கட்டுப்பாடே இல்லையா? இருக்கிறது. 2013ஆம் ஆண்டு விலைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளவற்றுக்கு உச்சவரம்பு விலை உண்டு. சந்தையில் ஒரு சதவீதமாவது விற்கும் பிராண்டுகளின் விலையைக் கூட்டிச் சராசரி எடுத்து, கடைக்காரருக்கு 16 சதவீதம் சேர்த்து அந்த வரம்பை வைக்கிறார்கள். தயாரிப்புச் செலவு என்ன என்று பார்க்கும் பழைய முறை போய்விட்டது. விலை கூடிய பிராண்டுகளே அதிகம் விற்கும் சந்தையில் சராசரி எடுத்தால் வரம்பும் மேலேதான் நிற்கும்.

ஏப்ரல் தோறும் மொத்த விலைக் குறியீட்டைப் பார்த்து இந்த வரம்பும் நகரும். 2022இல் 10 சதவீதத்துக்கு மேலும், 2023இல் 12 சதவீதத்துக்கு மேலும் ஏறியது. 2024இல் ஏற்றம் இல்லை என்றே சொல்லலாம், 2025இல் 1.74 சதவீதம். பட்டியலில் இல்லாத மருந்துகளுக்கோ யாரையும் கேட்காமல் ஆண்டுக்கு 10 சதவீதம் வரை ஏற்றிக்கொள்ளலாம். ஆண்டு தவறாமல் ஏற்றினால் எட்டு ஆண்டில் விலை இரு மடங்கைத் தாண்டிவிடும். பென்ஷன் அந்த வேகத்தில் ஏறுவதில்லை.

2025 செப்டம்பர் 22 முதல் மருந்துகளுக்கான ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாக இறங்கியது. புற்றுநோய், அரிய நோய்களுக்கான 33 மருந்துகளுக்கு வரியே இல்லை. நல்ல காரியம். ஆனால் ஒரே மருந்துக்கு ஐந்து மடங்கு விலை வித்தியாசம் உள்ள இடத்தில் ஏழு சதவீதம் பெரிய மாற்றம் செய்துவிடாது.

அந்த ஐந்து மடங்கும் வெறும் பேச்சல்ல. எம்பாகிளிஃப்ளோசின் என்று ஒரு மாத்திரை. சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றும். இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்லது செய்வதால் டாக்டர்கள் விரும்பி எழுதுவது. கண்டுபிடித்த கம்பெனியின் மாத்திரை ஒன்று சுமார் 60 ரூபாயாக இருந்தது, மாதம் 1,800. 2025 மார்ச் 11ஆம் தேதி அதன் இந்தியக் காப்புரிமை முடிந்தது. அதே வாரத்தில் இந்திய கம்பெனிகளின் தயாரிப்புகள் கடைக்கு வந்தன. 10 மில்லிகிராம் மாத்திரை ஒன்றை ஒரு கம்பெனி ஐந்தரை ரூபாய்க்குக் கொண்டுவந்தது. மாதம் 165 ரூபாய். ஐந்து மடங்கல்ல, பதினொரு மடங்கு. பழைய சீட்டையே ஆறு மாதமாக நீட்டி வாங்கிக்கொண்டிருப்பவருக்கு இந்தச் செய்தியை டாக்டர் சொன்னால் உண்டு, கடைக்காரர் சொன்னால் உண்டு. விளம்பரம் செய்து சொல்ல யாரும் இல்லை.

இன்றைய கதவுகள்

முன்பு கதவு இரண்டுதான். தனியார் டாக்டரின் கம்பவுண்டர் அறை, இல்லையேல் பெரியாஸ்பத்திரி. இன்று பல கதவுகள் திறந்திருக்கின்றன.

மத்திய அரசின் மக்கள் மருந்தகம் 2008இல் அமிர்தசரஸில் முதல் கடையோடு தொடங்கி, பல ஆண்டுகள் தூங்கி வழிந்து, இன்று நாடு முழுவதும் 15,000 கடைகளைத் தாண்டி நிற்கிறது. பிராண்ட் விலையில் பாதிக்கும் கீழே, சிலவற்றில் ஐந்தில் ஒரு பங்குக்கு மூலப்பெயரிலேயே மருந்து கிடைக்கிறது. தமிழ்நாட்டில் 2014இல் கூட்டுறவுத் துறை வழியே அம்மா மருந்தகங்கள் வந்தன. அவை பிராண்ட் மருந்தையே தள்ளுபடியில் கொடுத்தன. 2025 பிப்ரவரி 24ஆம் தேதி முதல்வர் மருந்தகம் என்ற பெயரில் 1,000 கடைகள் ஒரே நாளில் திறக்கப்பட்டன. கூட்டுறவுச் சங்கங்களும், பி.ஃபார்ம், டி.ஃபார்ம் படித்த இளைஞர்களும் நடத்தும் கடைகள். சரக்கு பெரும்பாலும் ஜெனரிக்.

இன்னொரு கதவு நம் வீட்டுக் கதவு. 2021 ஆகஸ்ட்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சுகர், பிரஷர் மாத்திரையைச் சுகாதாரத் தன்னார்வலர் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார். நடக்க முடியாத அம்மாவுக்காக ஒருநாள் கூலியை விட்டுவிட்டு ஆஸ்பத்திரி வரிசையில் நின்ற மகளுக்கு இதன் அருமை தெரியும். மருந்து இலவசம் என்றாலும் பஸ் காசும் கூலியும் இலவசம் இல்லையே.

பிறகு ஆன்லைன். நூறாண்டு மருந்து வியாபாரப் பரம்பரையிலிருந்து வந்த சென்னைக்காரர் தொடங்கிய நெட்மெட்ஸ், 2020இல் ரிலையன்ஸ் கைக்குப் போனது. விதிகள் வரும்வரை ஆன்லைன் மருந்து விற்பனை கூடாது என்று 2018 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி உத்தரவிட்டார்; மேல்முறையீட்டில் அதற்குத் தடை வந்தது. தள்ளுபடி மட்டும் நிற்கவில்லை. ஆன்லைனின் உண்மையான பயன் தள்ளுபடிகூட இல்லை; ஒரு பிராண்டைத் தேடினால் அதே மூலமருந்து உள்ள மற்ற பிராண்டுகளின் விலையும் வரிசையாகத் தெரிகிறது. கவுன்ட்டருக்குப் பின்னால் இருந்த ரகசியம் கைபேசித் திரைக்கு வந்துவிட்டது.

இத்தனை கதவு இருந்தும் பழகிய மெடிக்கல் கதவையே தட்டுகிறோம். காரணம் சோம்பல் என்று சொல்லிவிட முடியாது. பயம். மலிவாகக் கொடுத்தால் மட்டமாகத்தான் இருக்கும் என்ற பயம். அதற்கு ஆதாரமும் அவ்வப்போது கிடைத்துவிடுகிறது. காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான ஓர் இருமல் சிரப், 2025 செப்டம்பர், அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தில் பல குழந்தைகளின் உயிரைக் குடித்தது. அதில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி இருந்ததைத் தமிழ்நாட்டு அரசின் ஆய்வுதான் கண்டுபிடித்தது. ஒன்றைக் கவனியுங்கள்: அது பெயரில்லாத ஜெனரிக் அல்ல, பிராண்ட் பெயரோடு தனியார் கடையில் விற்ற மருந்து. பிராண்டும் விலையும் தரத்துக்கு உத்தரவாதம் இல்லை. உத்தரவாதம் பரிசோதனை மட்டுமே. பேட்ச் பேட்ச்சாகச் சோதித்த பிறகே வெளியே விடும் அரசு ஆஸ்பத்திரி மாத்திரையை நம்பாமல், யார் சோதித்தார்கள் என்று தெரியாத அட்டையை விலை கொடுத்து நம்புகிறோம்.

புது மருந்தும் நீதிமன்றமும்

மாதச் சீட்டைக்கூடச் சமாளித்துவிடலாம். குடும்பத்தையே கவிழ்ப்பவை புற்றுநோய்க்கும் அரிய நோய்களுக்கும் வரும் புது மருந்துகள். 2005இல் உலக வர்த்தக ஒப்பந்தப்படி மருந்துப் பொருளுக்கே மறுபடி காப்புரிமை வந்தது. ஐயங்கார் குழு அடைத்த கதவு மீண்டும் திறந்தது. ஆனால் பழைய மருந்தைக் கொஞ்சம் மாற்றிப் புதுக் காப்புரிமை கேட்டால் கொடுக்க மாட்டோம் என்று 3(டி) என்ற ஒரு பிரிவையும் நாடாளுமன்றம் சேர்த்தது.

அதன் முதல் பெரிய சோதனை சென்னையில் நடந்தது. ரத்தப் புற்றுநோய்க்கான கிளிவெக் மாத்திரைக்கு நோவார்ட்டிஸ் கேட்ட காப்புரிமையைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006இல் மறுத்தது. 3(டி) செல்லாது என்று தொடுத்த வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் 2007இல் தள்ளியது. 2013 ஏப்ரல் 1ஆம் தேதி உச்ச நீதிமன்றமும் காப்புரிமை இல்லை என்று முடித்தது. மாதம் சுமார் 1,20,000 ரூபாய் ஆகும் மருந்தின் இந்தியத் தயாரிப்பு 10,000 ரூபாய்க்குள் கிடைத்துக்கொண்டிருந்தது. அது தொடர்ந்து கிடைக்க அந்தத் தீர்ப்பு வழிவிட்டது. ஓராண்டு முன்னதாக, 2012இல், கல்லீரல், சிறுநீரகப் புற்றுநோய்க்கான நெக்ஸாவர் மருந்துக்கு இந்தியாவின் முதல் கட்டாய உரிமம் (காப்புரிமை இருக்கும்போதே இன்னொரு கம்பெனி தயாரிக்க அரசு தரும் அனுமதி) வழங்கப்பட்டு, மாதம் 2,80,000 ரூபாய் ஆன மருந்து சுமார் 8,800 ரூபாய்க்கு இறங்கியது.

எய்ட்ஸ் கதையும் நமக்குத் தெரிந்ததே. இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது 1986இல் முதலில் தெரியவந்தது சென்னையில், மருத்துவர் சுனிதி சாலமனின் குழு வழியே. அன்று அது மரண தண்டனை. மருந்து வந்தபோது ஆண்டுக்கு 10,000 டாலருக்கு மேல் விலை. 2001இல் சிப்லாவின் யூசுஃப் ஹமீது நாளைக்கு ஒரு டாலருக்கும் குறைவாகத் தருவதாக அறிவித்தார். 2004 ஏப்ரலில் அரசு இலவசக் கூட்டு மருந்துச் சிகிச்சையைத் தொடங்கிய முதல் மையங்களில் தாம்பரம் சானடோரியமும் ஒன்று. அங்கே மருந்து வாங்கத் தொடங்கிய பலர் பேரன் பேத்தி எடுத்திருக்கிறார்கள்.

அண்மைய கதை எஸ்.எம்.ஏ. என்ற முதுகுத்தண்டுத் தசைநார்ச் சிதைவு நோய். 2021இல் 16 கோடி ரூபாய் ஊசிக்காகத் தமிழ்நாடே உண்டியல் ஏந்தியது பலருக்கு நினைவிருக்கும். அதே நோய்க்கு வாய்வழி மருந்தாக வந்த ரிஸ்டிப்லாம் ஒரு பாட்டில் ஆறு லட்சத்துக்கு மேல் விற்றது. இந்திய கம்பெனி ஒன்று அதைத் தயாரிக்கக் கூடாது என்று தடை கேட்ட வழக்கு டில்லி உயர் நீதிமன்றத்தில் தோற்று, 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்தது. உடனே 15,900 ரூபாய்க்கு இந்திய மருந்து வந்தது. நாற்பதில் ஒரு பங்கு. அந்த விலையும் மாதச் சம்பளக்காரருக்குச் சிறிதல்ல. ஆனாலும் உண்டியல் ஏந்தும் நிலைக்கும் கடன் வாங்கியாவது சமாளிக்கும் நிலைக்கும் உள்ள தூரம் அது.

இப்போது எல்லார் வாயிலும் இருப்பவை உடல் எடையையும் சர்க்கரையையும் குறைக்கும் வார ஊசிகள். 2025 மார்ச்சில் மவுஞ்சாரோ இந்தியாவுக்கு வந்தபோது சிறிய அளவு ஊசி மருந்து 3,500 ரூபாய், அடுத்தது 4,375. வாரம் ஒன்று என்றால் மாதம் 14,000 முதல் 17,500 வரை. இதே வகையைச் சேர்ந்த செமாகுளுட்டைடின் காப்புரிமைக் காலம் 2026 மார்ச்சோடு முடியவிருந்ததால் இந்திய கம்பெனிகள் வரிசை கட்டி நின்றன. விலை இறங்க இறங்க ஒரு கவலையும் வரும். நிறுத்தினால் எடை பெரும்பாலும் திரும்பிவிடுகிற மருந்து இது. கல்யாணத்துக்கு இளைக்கலாம் என்று தொடங்கினால் மாதச் சீட்டில் இன்னொரு வரி நிரந்தரமாகச் சேரும். யாருக்கு அவசியம் என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும். விளம்பரமும் பக்கத்து வீட்டுக்காரரும் முடிவு செய்ய வேண்டாம்.

கேட்டால் குறையும்

காப்பீட்டு அட்டை இருக்கிறதே என்பார்கள். 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி இன்று முதலமைச்சர் பெயரில் தொடரும் திட்டம், ஆஸ்பத்திரியில் படுத்தால் கைகொடுக்கும். மாதச் சீட்டுக்கு உதவாது. நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் மக்கள் கைக்காசிலிருந்து போட்ட பங்கு 2013-14இல் 64 சதவீதமாக இருந்து 2021-22இல் 39 சதவீதமாகக் குறைந்திருக்கிறது என்கிறது அரசுக் கணக்கு. மிச்சமிருக்கும் அந்தக் கைக்காசில் பெரும்பகுதி மருந்துக்கடையில்தான் போகிறது.

எனவே வீட்டில் செய்ய வேண்டியதைச் செய்வோம். அட்டையைக் கையில் எடுத்துப் பாருங்கள். பிராண்ட் பெயருக்கு அருகில் மூலப்பெயரும் மில்லிகிராமும் இருக்கும். ஒற்றை மருந்தானால் மூலப்பெயரைப் பிராண்டைவிடப் பெரிதாக அச்சிட வேண்டும் என்பது விதி. அதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அந்தத் தாளோடு முதல்வர் மருந்தகத்திலோ மக்கள் மருந்தகத்திலோ விலை கேளுங்கள். மருந்து விலை ஆணையத்தின் பார்மா சஹி தாம் செயலியில் பிராண்டுகளின் விலையைப் பார்க்கலாம். முன்னணி 300 பிராண்டுகளின் அட்டையில் 2023 ஆகஸ்ட் முதல் கியூ.ஆர். கோடு கட்டாயம், அசலா என்று சரிபார்க்கலாம். பில் கேட்டு வாங்குங்கள். பேட்ச் எண் அதில் இருக்கட்டும்.

டாக்டரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். இதே மருந்து மலிவான பெயரில் உண்டா? இந்தச் சீட்டில் இனித் தேவைப்படாதது ஏதாவது உண்டா? எப்போதோ ஒரு மாதத்துக்கு எழுதிய வாயு மாத்திரை ஐந்தாண்டு ஓடிக்கொண்டிருப்பது பல வீடுகளில் நடப்பது. அதே சமயம் வலிப்பு, தைராய்டு, ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மாத்திரை போன்றவற்றில் டாக்டருக்குத் தெரியாமல் கம்பெனியை மாற்றாதீர்கள். காசு மிச்சம் பிடிக்க ஒருநாள் விட்டு ஒருநாள் போடும் பழக்கம் எல்லாவற்றையும்விட ஆபத்து; மாத்திரையில் மிச்சம் பிடித்த நூறு ரூபாய் டயாலிசிஸில் லட்சமாகப் போகும். கட்டுப்படியாகவில்லை என்றால் அதை டாக்டரிடம் சொல்லக் கூச்சப்பட வேண்டாம். அரசு மருத்துவமனையின் தொற்றா நோய்ப் பிரிவில் பதிந்துகொள்வதில் கௌரவக் குறைவும் இல்லை.

அரசு செய்ய வேண்டியது வேறு. அரசு ஆஸ்பத்திரிச் சரக்குக்கு நடக்கும் அந்தப் பேட்ச் பரிசோதனையைக் கடைச் சரக்குக்கும் விரிவாக்கி, முடிவுகளை ஊரறிய வெளியிட வேண்டும். சோதனையில் தேறிய மலிவான மருந்தை நோயாளி கேட்டால் மருந்தாளுநர் சட்டப்படி மாற்றிக் கொடுக்க வழி செய்ய வேண்டும். ஜெனரிக்கின் தரத்துக்கு யார் பொறுப்பு என்று டாக்டர்கள் கேட்ட கேள்விக்கு அதுதான் நேர்மையான பதில்.

அன்று மருந்து அரிது, இன்று மருந்து நிறைய. அன்று விலையைத் தீர்மானித்தது காப்புரிமை. இன்று ஒரே மாத்திரை பெரியாஸ்பத்திரியில் இலவசம், மருந்தகத்தில் சில ரூபாய், பிராண்ட் கடையில் பல மடங்கு. எந்த விலையைக் கொடுக்கிறோம் என்பதைப் பெரும்பாலும் நாம் நுழையும் கதவுதான் தீர்மானிக்கிறது. அடுத்த மாதச் சீட்டை நீட்டுவதற்கு முன் மூலப்பெயரைக் கேட்டு எழுதி வாங்குங்கள். கேட்பது நோயாளியின் உரிமை. அதற்கு ஃபீஸ் கிடையாது.